டிராப்பிஸ்ட்-1: ஏழு கிரகங்களின் அந்தப் படத்தை எடுத்தது யார்?

மொட்டைமாடி:
மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனையும் அதைச் சுற்றும் கிரகங்களையும் பற்றி ஒரு சார்ட் தயாரிக்கிறாள். இணையத்தில் கிடைத்த படத்தில் ஏழு கிரகங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் கடல், ஒன்றில் பனி, ஒன்றில் மேகம். "நாற்பது ஒளியாண்டு தூரத்தில் இருப்பதை இவ்வளவு தெளிவாக யாருப்பா எடுத்தாங்க?" என்று கேட்கிறாள். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்ததா? தண்ணீர் இருப்பது உறுதியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சதயம்:
யாரும் எடுக்கவில்லை. நாசாவுக்காக ஓவியர்கள் வரைந்தது. கடலும் பனியும் அவர்களுடைய கற்பனை. அளவு, எடை, சுற்றும் தூரம் இவற்றை மட்டும் அறிவியலிலிருந்து எடுத்துக்கொண்டு மீதியைத் தூரிகை பார்த்துக்கொண்டது. சார்ட்டில் "ஓவியரின் கற்பனை" என்று ஒரு வரி கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். மூலப்படத்தின் கீழ் அது இருக்கும். பகிர்கிறவர்கள்தான் வெட்டிவிடுகிறார்கள்.

உண்மையில் கையில் இருப்பது ஒரு வரைபடம். நேரம் கீழே, வெளிச்சம் பக்கவாட்டில். கோடு நேராகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு சின்னப் பள்ளம் விழும், அரை மணி, முக்கால் மணியில் மறுபடி மேலே வரும். கோள் ஒன்று விண்மீனின் முன்னால் கடந்து போயிருக்கிறது என்று பொருள். அந்தப் பள்ளம் சரியான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் கோளின் ஆண்டு. பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பெரிய கோள்.

இந்த விண்மீனைத் தேர்ந்தெடுத்ததில்தான் சாமர்த்தியம். நம் சூரியனை ஒரு பூமி கடந்தால் மறையும் வெளிச்சம் ஏறத்தாழ பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதைத் தரையிலிருந்து அளப்பது நடக்காத காரியம். டிராப்பிஸ்ட்-1 மிகச் சிறிய செங்குறளி விண்மீன், அதாவது சூடு குறைந்து சிவந்து மங்கலாக எரிவது. குறுக்களவில் வியாழனைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். நிறை சூரியனில் 9 சதவீதம். மேற்பரப்பு சுமார் 2,300 டிகிரி செல்சியஸ் (சூரியன் 5,500). இவ்வளவு சின்ன வட்டை பூமி அளவுள்ள கோள் கடந்தால் மறைவது ஏறத்தாழ நூற்று எழுபதில் ஒரு பங்கு. அதற்குப் பெரிய தொலைநோக்கி தேவையே இல்லை.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷேல் கியோன் குழு இதைத்தான் நம்பியது. சிலியில் லா சில்லா மலையில் வைத்த 60 செ.மீ. தொலைநோக்கியால் இப்படிப்பட்ட மங்கல் விண்மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தொலைநோக்கியின் பெயர் டிராப்பிஸ்ட். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான், ஆனாலும் டிராப்பிஸ்ட் என்றே பெயருள்ள, பீர் காய்ச்சும் அந்த ஊர்த் துறவிகள் மனதில் இருந்ததை அவர்கள் மறைக்கவில்லை. 2016 மே மாதம் மூன்று கோள்கள் என்று அறிவித்தார்கள். மூன்றாவதின் சுற்றுக்காலம் மட்டும் கணக்கில் சிக்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியை ஏறத்தாழ 20 நாட்கள் அதன்மேல் நிறுத்தினார்கள். ஒன்றாக நினைத்த பள்ளங்கள் பல கோள்களுடையவை என்று அப்போது தெரிந்தது. 2017 பிப்ரவரியில் ஏழு என்ற அறிவிப்பு வந்தது.

தண்ணீர்? உறுதி இல்லை.

ரேவதி27:
மகளுக்கு இன்னொரு தகவல். அது கும்ப ராசிப் பகுதியில் இருக்கிறது. நாம் சதயம் என்று சொல்லும் லாம்டா அக்வாரி விண்மீனிலிருந்து நான்கு டிகிரி சொச்சம் தள்ளி. ராஜராஜ சோழன் நட்சத்திரம் என்றால் பார்வையாளர்கள் நின்று கேட்பார்கள். (மேலே பதில் எழுதியவர் பெயரும் அதுதான், தற்செயலாக இருக்காது.)

சதயம்:
அம்மா வைத்த நட்சத்திரம். நான் என்ன செய்ய?

சந்தேகப்பேர்வழி:
எல்லாம் சரி. கோட்டில் ஒரு பள்ளம் விழுந்தது, அதை வைத்து "பூமி போன்ற பாறைக் கிரகம்" என்று தலைப்பு போடுகிறார்கள். பள்ளத்திலிருந்து அளவு தெரியலாம். எடை எப்படித் தெரிந்தது? எடை தெரியாமல் அது பாறையா, பஞ்சு மிட்டாயா என்று எப்படிச் சொல்வது? அந்த விண்மீனில் புள்ளிகள் உண்டு, வெடிப்புகள் உண்டு என்று அவர்களே எழுதுகிறார்கள். ஒரு புள்ளி சுழன்று வந்தாலும் வெளிச்சம் குறையுமே.

வரலாறும் கொஞ்சம் பார்ப்போம். தூரத்து விண்மீனைக் கோள் சுற்றுகிறது என்ற பழைய அறிவிப்புகளில் ஒன்று நம் நுங்கம்பாக்கத்தில் இருந்து போனது, தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் வானாய்வகத்தை நடத்திய கேப்டன் ஜேக்கப் 1855-ல் எழுதினார். 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் ஏதோ கோணல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுப்பதாகவே தோன்றுகிறது என்று. நாற்பது ஆண்டு கழித்து அமெரிக்காவில் சீ என்பவரும் அதே விண்மீனுக்கு அதையே சொன்னார். 1899-ல் மோல்டன் கணக்குப் போட்டு, அப்படி ஒரு பாதையில் மூன்று பொருள்கள் நிலைத்திருக்கவே முடியாது என்று காட்டினார். முடிந்தது கதை. அப்புறம் 1960-களில் பர்னார்டு விண்மீனுக்கு வியாழன் அளவுக் கோள் என்று வான் டி காம்ப் பல வருடம் சாதித்தார். கடைசியில் அது அவருடைய தொலைநோக்கியின் கோளாறு என்று ஆனது. கோள் இல்லை, கோளாறு! நான் ஏன் இன்றைய அறிவிப்பை மட்டும் நம்ப வேண்டும்?

ஐந்தாம் பீரியட்:
எடைக் கேள்வி நல்ல கேள்வி. இயற்பியல் வாத்தியார் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன். என் கருத்தில் இந்தக் குடும்பத்தின் உண்மையான அதிசயம் இதில்தான் இருக்கிறது. கடலும் பனியும் உள்ள ஓவியம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கோள்களுக்கு பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று உள்ளிருந்து வெளியே பெயர். சுற்றுக்காலங்கள் நாள் கணக்கில்: 1.51, 2.42, 4.05, 6.10, 9.21, 12.35, 18.77. வெறும் எண்களாகத் தெரியும். ஆனால் வெளியே உள்ள எச் 2 சுற்று முடிக்கும் நேரத்தில் ஜி கிட்டத்தட்ட 3 சுற்று, எஃப் 4, இ 6, டி 9, சி 15, பி 24 சுற்று முடித்திருக்கும். தாளக்கட்டு போல ஒன்றோடு ஒன்று பூட்டிக் கிடக்கின்றன.

பூட்டு இருப்பதால் அண்டைக் கோள்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நெருங்குகின்றன. ஒவ்வொரு நெருக்கத்திலும் ஒன்றை ஒன்று இழுக்கும். அந்த இழுப்பு சேர்ந்துகொண்டே போகும். விளைவு, அடுத்த கடப்பு சொன்ன நேரத்துக்கு வராது. சில சமயம் சில நொடிகள் முந்தும் பிந்தும், சில சமயம் அரை மணிக்கு மேல்கூட. இழுப்பது எவ்வளவு கனமோ அவ்வளவு தாமதம். ஆக, கடிகாரம் மட்டும் வைத்துக்கொண்டு கோள்களை எடை போடலாம்! எரிக் ஏகோல் தலைமையில் 2021-ல் வெளியான கணக்கில் பல ஆண்டுக் கடப்பு நேரங்களைச் சேர்த்து, எடைகளை 3 முதல் 5 சதவீதத் துல்லியத்தில் சொன்னார்கள். பூமியை 1 என்று வைத்தால் பி 1.37, சி 1.31, டி 0.39, இ 0.69, எஃப் 1.04, ஜி 1.32, எச் 0.33.

அளவு தெரியும், எடை தெரியும், அடர்த்தி வந்துவிட்டது. பஞ்சு மிட்டாய் இல்லை, பாறைதான். ஏழுமே கிட்டத்தட்ட ஒரே கலவை. ஆனால் பூமியின் கலவையில் செய்திருந்தால் இருக்கவேண்டிய அடர்த்தியைவிட 8 சதவீதம் குறைவு. காரணம் மூன்று விதமாக இருக்கலாம் என்றார்கள். இரும்பு குறைவாக இருக்கலாம் (பூமியில் 32 சதவீதம், அங்கே 21 என்றால் பொருந்தும்). இரும்பு முழுக்க ஆக்சிஜனோடு கலந்து, தனி மையம் இல்லாமல் உள்ளே வரை துருவாகவே கிடக்கலாம். அல்லது மேலே தண்ணீர் இருக்கலாம். உள்ளே இருக்கும் கோள்கள் சூட்டில் தண்ணீரை ஆவியாக்கிவிடும், ஏழுக்கும் ஒரே குறைவு வருவது கஷ்டம். அதனால் எனக்கு மூன்றாவதில் நம்பிக்கை குறைவு. மொட்டைமாடி சார், "உறுதியா" என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

நம்பிக்கைக் கேள்விக்கு வருவோம். எச் கோளை ஸ்பிட்சர் ஒரே ஒருமுறைதான் பார்த்தது. ஒரு பள்ளத்தை வைத்துச் சுற்றுக்காலம் சொல்ல முடியாது. ரோட்ரிகோ லூகர் குழு, மற்ற ஆறும் பூட்டிக் கிடக்கும் முறையைப் பார்த்து, இந்தச் சங்கிலி தொடர்ந்தால் எச் இந்தச் சில காலங்களில் ஒன்றில்தான் சுற்ற வேண்டும் என்று கணக்கிட்டது. அதில் ஒன்று 18.77 நாள். பிறகு கெப்ளர் தொலைநோக்கியின் 79 நாள் பதிவைத் திறந்து பார்த்தார்கள். சொன்ன இடத்தில் பள்ளம் இருந்தது. விண்மீன் புள்ளிகள் இப்படி முன்கூட்டிச் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்குமா?

சதயம்:
அதோடு, ஜேக்கப்புக்கு இருந்தது ஒரே ஆய்வகத்து அளவுகளும் பழைய பதிவுகளும். இதை லா சில்லா, மொராக்கோவில் உள்ள அதே மாதிரியான இன்னொரு தொலைநோக்கி, ஹவாய், ஸ்பிட்சர், கெப்ளர், ஹப்பிள், வெப் எல்லாமே தனித்தனியாகப் பார்த்துவிட்டன. ஒரு கருவியில் கோளாறு இருக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே கோளாறு ஒரே நேரத்துக்கு வருமா? ஜேக்கப் பாவம், காலத்துக்கு முந்திப் பிறந்தவர். யோசனையில் தப்பே இல்லை.

சந்தேகப்பேர்வழி:
கோள்கள் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். எச் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் "உயிர்வாழ் மண்டலத்தில் மூன்று கோள்கள்" என்ற விளம்பரத்தை ஏற்கமாட்டேன். அந்த மண்டலம் என்பது தண்ணீர் திரவமாக இருக்கக்கூடும் என்று தூரத்தையும் வெளிச்சத்தையும் வைத்துப் போட்ட கோடு. காற்று இருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை. அந்தக் கணக்கில் நம் நிலாவும் உயிர்வாழ் மண்டலத்தில்தான் இருக்கிறது. போய்ப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்?

தூரதேசி:
இது அடி.

ரேவதி27:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். அங்கே போய் நின்றால் எப்படி இருக்கும்? வானம் எந்த நிறம், எத்தனை நிலா, இப்படி.

ஐந்தாம் பீரியட்:
ஏழு கோள்களும் மொத்தமாக 93 லட்சம் கி.மீ.க்குள் அடங்கிவிடும். நம் புதன் சூரியனிலிருந்து சராசரியாக 5 கோடியே 80 லட்சம் கி.மீ. அவ்வளவு நெருக்கம். அதனால் கோள்கள் பெரும்பாலும் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டிக்கொண்டு சுற்றும் என்று எதிர்பார்க்கிறார்கள், நிலா நமக்குக் காட்டுவது போல. ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மறுபக்கம் நிரந்தர இரவு.

இ கோளில் நின்றால் விண்மீன், நம் சூரியனைப் போல நான்கு மடங்கு அகலமாகத் தெரியும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். பூமிக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் வந்தாலும் பெரும்பகுதி அகச்சிவப்பு. உடம்பில் சூடு தெரியும், கண்ணுக்கு அந்திப்பொழுது மாதிரி மங்கலாக இருக்கும். பக்கத்துக் கோள்களான டியும் எஃபும் நெருங்கி வரும்போது நம் முழுநிலா அளவுக்குத் தெரியும். சியில் நின்று பியைப் பார்த்தால் நிலாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னொரு வேடிக்கை, இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். இ கோளின் ஆண்டு 6.1 நாள். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டும் அங்கே 366 நாளில் ஓடிவிடும். நம் கணக்கில் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் கொண்டாடும்போது அங்கே அறுபதாம் கல்யாணம் வைக்க வேண்டியதுதான்.

மொட்டைமாடி:
டீச்சர், அறுபதாம் கல்யாணம் சார்ட்டில் ஏறிவிட்டது! மகள் இப்போதே வரைந்துகொண்டிருக்கிறாள். சரி, சந்தேகப்பேர்வழி கேட்ட காற்று விஷயம்? வெப் பார்த்துவிட்டது என்று படித்தேனே.

ஐந்தாம் பீரியட்:
டீச்சர் இல்லை சார், சார். பரவாயில்லை.

சதயம்:
வெப் பார்த்தது. செய்தி கொஞ்சம் ஏமாற்றமானது, அதனால் நாளிதழ்களில் பெரிதாக வரவில்லை.

முதலில் முறை. கோள் விண்மீனுக்குப் பின்னால் போகும் நேரத்தைப் பிடிப்பார்கள். மறைவதற்கு முன் வரும் அகச்சிவப்பு வெளிச்சத்தில் இரண்டும் சேர்ந்திருக்கும், மறைந்தபின் விண்மீன் மட்டும். கழித்தால் கோளின் வெப்பம். 2023 மார்ச்சில் பி கோளின் முடிவு வந்தது: பகல் பக்கம் சுமார் 230 டிகிரி செல்சியஸ். காற்று இருந்தால் பகல் பக்கத்துச் சூட்டை இரவுப் பக்கத்துக்கு எடுத்துப் போயிருக்கும், பகல் பக்கம் இவ்வளவு கொதிக்காது. காற்றே இல்லாத கரும்பாறைக்குக் கணக்குப் போட்டால் வரும் வெப்பநிலையும் கிட்டத்தட்ட இதேதான். அதே ஆண்டு ஜூனில் சி கோள்: சுமார் 107 டிகிரி. வெள்ளியைப் போல அடர்த்தியான கரியமில வாயுப் போர்வை இல்லை என்று தெரிந்தது. மெல்லிய காற்று இருக்க இடமுண்டு. பிறகு பியை இன்னொரு அலைநீளத்தில் பார்த்தபோது எண் கொஞ்சம் மாறி, புகைமூட்டம் உள்ள கரியமில வாயு மண்டலமாக இருக்குமோ என்ற கேள்வியும் எழுந்தது. ஒரே ஒரு அளவை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். 2025-ல் டி கோளுக்கும் பூமி போன்ற காற்று இல்லை என்ற முடிவு வந்தது.

எல்லோரும் காத்திருப்பது இ கோளுக்கு. அதற்கு வேறு முறை: முன்னால் கடக்கும்போது விளிம்பில் காற்று இருந்தால் அதன் வழியே வரும் ஒளியில் வாயுக்களின் தடம் பதியும். 2025 செப்டம்பரில் முதல் நான்கு கடப்புகளின் முடிவு வந்தது. தடித்த ஹைட்ரஜன் மண்டலம் இல்லை, அது மட்டும் தெளிவு. மற்றபடி காற்று இருக்கலாம், வெறும் பாறையாகவும் இருக்கலாம். நான்கு கடப்பும் நான்கு விதமாக இருந்தன, ஏனென்றால் விண்மீனின் புள்ளிகளும் ஒளிப்பொட்டுகளும் தங்கள் தடத்தையும் சேர்த்துப் பதிக்கின்றன. இதில் சந்தேகப்பேர்வழி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அதற்கு ஒரு அருமையான வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பியும் இயும் அடுத்தடுத்துக் கடக்கும் நாட்களைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறார்கள். பி வெறும் பாறை என்று வைத்துக்கொண்டால் அதில் தெரியும் தடம் முழுக்க விண்மீனுடையது. அதை இயிலிருந்து கழித்துவிடலாம். மேலும் பதினைந்து கடப்புகள் இப்படித் திட்டமிட்டிருக்கிறார்கள்.

சந்தேகப்பேர்வழி:
என் கணிப்பு: இயிலும் ஒன்றும் இருக்காது. கெப்ளர் பார்த்த 80 நாளில் அந்த விண்மீன் 42 முறை பலமாக வெடித்திருக்கிறது. அதற்கு மேல், இப்படிப்பட்ட குறளி விண்மீன்கள் இளமையில் பல கோடி ஆண்டுகள் இன்றைவிட மிகப் பிரகாசமாக எரியும். இன்று இதமான தூரத்தில் இருக்கும் கோள் அன்று அடுப்பில் கிடந்திருக்கும். காற்றும் தண்ணீரும் அப்போதே போயிருக்கும். வெப்பின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்! அதை இந்தக் கருகிய பாறைகளில் செலவழிப்பது வீண். சூரியன் போன்ற விண்மீனைச் சுற்றும் பூமிகளைப் பார்க்கும் தொலைநோக்கி வரும்வரை பொறுக்கலாம்.

ஐந்தாம் பீரியட்:
கணிப்பு சரியாகவே இருக்கலாம். முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. நம் பால்வீதியில் நான்கில் மூன்று விண்மீன்கள் செங்குறளிகள். பாறைக் கோள்கள் அவற்றைச் சுற்றி மலிந்து கிடக்கின்றன. அவற்றில் காற்று தங்குமா, தங்காதா? தங்காது என்று தெரிந்தால் உயிருக்கு இடமுள்ள இடங்களின் பட்டியலில் பெரும்பகுதியை ஒரே கோட்டில் அடித்துவிடலாம். அது வீண் செலவா? வெப்பை இயக்கும் நிறுவனமும் அப்படித்தான் நினைத்து, இயக்குநரின் ஒதுக்கீட்டிலிருந்து 500 மணி நேரத்தைச் செங்குறளிகளின் பாறைக் கோள்களுக்கே கொடுத்திருக்கிறது. ஒரே விண்மீன், ஒரே வயது, ஒரே கலவை, தூரம் மட்டும் வேறு வேறு என்று ஏழு கோள்கள் கிடைப்பது ஆய்வகத்தில்கூட அமையாத வாய்ப்பு. இயில் இல்லை என்றாலும் எஃபும் ஜியும் இருக்கின்றன.

சந்தேகப்பேர்வழி:
"இல்லை" என்பதை நிரூபிக்க 500 மணி நேரம். சரி, உங்கள் காசு இல்லை, என் காசும் இல்லை.

தூரதேசி:
போய்ப் பார்க்க எவ்வளவு நாளாகும்?

சதயம்:
வாயேஜர்-1 வேகத்தில் (நொடிக்கு 17 கி.மீ.) போனால் ஏழு லட்சம் ஆண்டு. இப்போது நமக்கு வந்து சேரும் வெளிச்சம் ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது அங்கிருந்து கிளம்பியது.

மொட்டைமாடி:
கடைசியாக ஒன்று. என்னிடம் சின்னத் தொலைநோக்கியும், மோட்டாரோடு சுழலும் தாங்கியும், பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் இருக்கின்றன. கண்காட்சிக்கு நாமே ஒரு பள்ளத்தை எடுத்துக் காட்ட முடியுமா? டிராப்பிஸ்ட்-1 தெரியுமா?

ரேவதி27:
டிராப்பிஸ்ட்-1 நடக்காது. கண் உணரும் ஒளியில் அதன் பொலிவு எண் 18-க்கும் மேல் (எண் கூடினால் விண்மீன் மங்கல் என்று பொருள்). அதை விடுங்கள், எச்டி 189733 என்ற விண்மீனைப் பிடியுங்கள். பொலிவு எண் 7.7, பைனாகுலரிலேயே தெரியும். 2005-ல் கண்டுபிடித்த வியாழன் அளவுக் கோள் 2.2 நாளுக்கு ஒருமுறை கடக்கிறது, வெளிச்சம் இரண்டரை சதவீதம் போலக் குறையும், இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். திருவோணத்துக்கு வடக்கே, டம்பெல் நெபுலாவுக்குப் பக்கத்தில் இருப்பதால் தேடுவது சுலபம்.

நாசாவின் எக்ஸோபிளானட் ஆர்க்கைவ் தளத்தில் உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் எந்த இரவில் எத்தனை மணிக்குக் கடப்பு என்று பட்டியல் தரும். கடப்புக்கு ஒரு மணி முன்பே தொடங்கி, முடிந்து ஒரு மணி வரை ஒரே அமைப்பில் படம் எடுத்துக்கொண்டே இருங்கள். குவியத்தைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள், விண்மீன் சின்ன வட்டாக விழட்டும். கூர்மையாக வைத்தால் ஒரே பிக்ஸல் நிறைந்து அளவு கெட்டுவிடும். அதே சட்டத்தில் இருக்கும் வேறு இரண்டு மூன்று விண்மீன்களோடு ஒப்பிட்டு விகிதம் எடுங்கள், அப்போதுதான் மெல்லிய மேகம் போனாலும் கோட்டைக் கெடுக்காது. அஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருள் இலவசம், கோட்டை அதுவே வரையும். புரட்டாசிக்குள் எடுத்துவிடுங்கள், ஐப்பசி பிறந்தால் மழை. கோட்டை இங்கே போடுங்கள், சந்தேகப்பேர்வழி முதலில் பார்க்கட்டும்.

சந்தேகப்பேர்வழி:
மூலப் படங்களையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.